கடைசிக் கை

ஆகாயத்தில் ஜெசிந்தாவின் எண் கிடைத்திருப்பதாகக் கடிதம் சொன்னது.

இந்துமாக்கடலுக்கு மேலே இருபது கிலோமீட்டர் உயரத்திலிருந்து பலூன் ஒன்று ஒரு குடுவைக் காற்றை மொண்டு வந்திருக்கிறது. அந்தக் காற்றில் தடைசெய்யப்பட்ட கேஸ் இருந்திருக்கிறது. அந்தக் கேஸில் 4417 என்ற முத்திரை இருந்திருக்கிறது. 4417 என்பது தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் குளிர்பதன மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஜெசிந்தா ரொட்ரிகோவின் உரிம எண். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு அவள் ஆகாயத் தீர்ப்பாயத்தின் முன் நிற்க வேண்டும். வரும்போது வெயில் அட்டையைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

கடைசி வரியைப் படித்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அட்டையைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்றால் தீர்ப்பை முன்னமே எழுதி வைத்துவிட்டார்கள் என்று பொருள்.

வெயில் அட்டை வந்து பதினாறு வருடம் ஆகிறது. மேலே இருக்கும் ஓசோன் போர்வை நைந்துபோன பிறகு வந்த ஏற்பாடு அது. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை வெளியே நடமாட வேண்டுமானால் அட்டை வேண்டும். ஆளுக்கும் வேலைக்கும் தகுந்தபடி அரை மணி, ஒரு மணி என்று வெயிலை அளந்து கொடுப்பார்கள். கூரைகளில் ஏறி இயந்திரம் பார்க்கும் ஜெசிந்தாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். அட்டை பறிபோனவர்களின் மணிக்கட்டில் ஒரு காப்பு மாட்டப்படும். பகல் வெளிச்சம் பட்டால் அது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூவும்.

சுடலைமுத்துவின் கையில் அந்தக் காப்பு இருந்தது. ஒன்றரை வருடமாக.

துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியின் உள்ளறையில், ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த இடத்தில், சுடலை வேலை பார்த்தார். ஒரு காலத்தில் அவரும் ஜெசிந்தாவும் ஒரே வண்டியில் போய் ஒரே கூரையில் வேலை செய்தவர்கள். அவர் எண்ணும் இப்படித்தான் வானத்தில் கிடைத்தது. தீர்ப்பாயம் கேட்டதும் வாதாடாமல் ஒப்புக்கொண்டுவிட்டார். எங்கேயோ எப்போதோ கவனம் தப்பித் தடைசெய்யப்பட்ட கேஸைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அதன்பின் அவருடைய மகள் பேச்சிக்குப் பத்தொன்பது வயதில் இடது கண்ணில் புரை விழுந்தது. வெயிலால் வந்தது என்று டாக்டர் சொன்னார். சுடலை வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டார். என் கையால் திறந்துவிட்டது என் மகள் கண்ணில் வந்து விழுந்தது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். மீன் வாங்க வந்தவர்களிடம், லாரி டிரைவர்களிடம், ஐஸ் உடைப்பவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டார். முதலில் பரிதாபப்பட்டவர்கள் பிறகு வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

கடிதத்தோடு அவரைப் பார்க்கப் போனாள் ஜெசிந்தா. அவர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். ஒத்துக்கொண்டால் ஒரு வருடம் குறைப்பார்கள் என்றார்.

"நான் வெள்ளையைத் தொட்டே பதினோரு வருசமாச்சு, அண்ணே. எதை ஒத்துக்கிட?"

"நானும் அப்படித்தாம் புள்ள நெனச்சேன். வானம் பொய் சொல்லுமா?"

வெள்ளை என்றால் பழைய கேஸ். வெள்ளை சிலிண்டரில் வந்ததால் மெக்கானிக்குகள் வைத்த பெயர். நீலம் என்றால் அதற்குப் பதிலாக வந்த புதிய கேஸ். அதில் குளோரின் கிடையாது, ஓசோனை ஒன்றும் செய்யாது. இரண்டுக்கும் நிறமில்லை, வாடையில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினால் எது எதென்று கடவுளாலும் சொல்ல முடியாது. சிலிண்டரின் நிறத்தை நம்பித்தான் தொழிலே நடந்தது.

நாட்டில் இருந்த பழைய ஃபிரிட்ஜ்களிலிருந்தும் குடோன்களிலிருந்தும் வெள்ளையை உறிஞ்சியெடுத்து எரித்து அழிக்கும் பொறுப்பு ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நீலத்தைத் தயாரித்து விற்றதும் அதே கம்பெனிதான். உப்பளங்களுக்கு அப்பால் அதன் அழிப்பு நிலையத்துப் புகைபோக்கி உயரமாக நின்றது. அதிலிருந்து ஒருநாளும் புகை வந்ததில்லை. எவ்வளவு சுத்தமாக எரிக்கிறார்கள் பார் என்று ஊரே மெச்சிக்கொண்டது.

விசாரணைக்குப் பதினேழு நாள் இருக்கும்போது, இறால் ஷெட் ஒன்றில் குளிர் நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். நீல சிலிண்டரை மாட்டினாள். குழாயில் இருக்கும் காற்றைத் தள்ள வால்வை ஒரு நொடி திறந்து மூடினாள். அதற்குப் பர்ஜ் என்று பெயர். எந்த மெக்கானிக்கும் இதைச் செய்யாமல் கேஸ் ஏற்றமாட்டான். கை தானாகச் செய்யும், ஆட்டோக்காரர் கிளம்புமுன் ஹாரனைத் தொடுவதுபோல. நீலத்தில் அப்படி விடுவதற்குச் சட்டமே அனுமதித்திருந்தது.

கேஸ் ஏற்றிய பின்னும் எங்கோ ஒழுகியது. கம்பெனி கொடுத்திருந்த கருவியை எடுத்தாள், பேட்டரி செத்திருந்தது. பையின் அடியில் ஒரு பித்தளை விளக்கு கிடந்தது. வெள்ளைக் காலத்தில் ஒழுக்குப் பார்க்கப் பயன்பட்டது. பழைய சாமான் கடையில் வாங்கி, துருவேறிய நட்டுகளைச் சூடாக்க வைத்திருந்தாள். சின்ன நீலச் சுடர், அதன்மேல் ஒரு செம்புத் தகடு, பக்கத்தில் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய். குளோரின் உள்ள கேஸ் குழாய்க்குள் போனால் சுடர் பச்சையாகும். நீலத்துக்கு அது உதவாது என்று தெரியும். அடுத்துச் செய்ய ஒன்றுமில்லாததால் பற்றவைத்து, ரப்பர் குழாயை இணைப்பின் பக்கம் கொண்டுபோனாள்.

சுடர் பச்சையானது.

அவள் தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். கிளியின் இறகைப் போன்ற பச்சை. வெளியே ஓடி, வண்டியில் இருந்த மற்ற இரண்டு நீல சிலிண்டர்களையும் ஒரு நூலளவு திறந்து பார்த்தாள். ஒன்றில் சுடர் நீலமாகவே நின்றது. ஒன்றில் பச்சை. பெயிண்டைச் சுரண்டினாள், கீழே வெள்ளை இல்லை, வெறும் இரும்புதான். சிலிண்டர் புதியது. சீல் கம்பெனி சீல். உள்ளே இருந்ததுதான் பழையது.

எரிக்க வேண்டியதை நிரப்பி விற்றிருக்கிறார்கள். புகைபோக்கியில் ஏன் புகை வரவில்லை என்பது அவளுக்கு இறால் ஷெட்டின் வாசலில், குளிரில் விறைத்த விரல்களோடு நின்றபோது விளங்கியது. பதினோரு வருடமாக ஒவ்வொரு கூரையிலும் அவள் விட்ட ஒரு நொடி, ஒரு நொடி, எல்லாம் அவள் எண்ணைச் சுமந்துகொண்டு மேலே ஏறியிருக்கிறது. மெக்கானிக்குகளின் குழாயில் மட்டும்தான் அரசாங்கம் முத்திரை வில்லை பொருத்தியிருந்தது. அதைக் கடக்கும் கேஸில் கோடியில் ஒரு துளி அந்த எண்ணோடு போகும். கம்பெனியின் குழாயில் வில்லை எதுவும் கிடையாது. சட்டத்தின் பெயரே கடைசிக் கைச் சட்டம். செய்தவன் கை, நிரப்பியவன் கை, விற்றவன் கை எதுவும் குற்றமில்லை. வால்வைத் திறந்த கடைசிக் கைதான் குற்றம்.

அன்று மாலையே தீர்ப்பாயத்துக்கு மூன்று வரியில் வாக்குமூலம் எழுதி அனுப்பினாள். கடையில் விற்கும் நீல சிலிண்டர்களில் வெள்ளை இருக்கிறது, சோதித்துப் பார்த்தேன், நீங்களும் சோதியுங்கள். பெற்றுக்கொண்டதாக ஒரு ரசீது வந்தது. வேறொன்றும் வரவில்லை.

ஒன்பதாம் தேதி தீர்ப்பாயத்தின் கூடம் நிழல் திரைகள் இறக்கி மங்கலாக இருந்தது. மூன்று உறுப்பினர்களில் நடுவில் இருந்தவர் தலைவர் பாமினி. அறுபது வயது, கழுத்தில் தீக்காயம் போல ஒரு வெயில் தழும்பு. அரசுத் தரப்பில் பேச வந்திருந்தவர் கம்பெனிக்கும் வக்கீலாக இருந்த ஆதிகேசவன். அதில் யாரும் தவறு காணவில்லை. கேஸைப் பற்றி அவருக்குத்தான் தெரியும் என்றார்கள். மேசையில் ஜெசிந்தாவின் கருவிப் பை, சாட்சிப் பொருளாக. அதன் பக்கத்தில் சீல் உடைக்காத ஒரு நீல சிலிண்டர், தீர்ப்பாயத்துப் பியூன் முந்தின நாள் பஜாரில் வாங்கிவந்தது.

வெள்ளை என்ன செய்யும் என்பது குற்றவாளிக்குத் தெரியும் என்று நிரூபிப்பதிலிருந்து ஆதிகேசவன் ஆரம்பித்தார். மரியாதையாகத்தான் கேட்டார். அவளும் மரியாதையாகச் சொன்னாள்.

"கார்பன், குளோரின், ஃபுளோரின். மூணும் இறுக்கிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும், சார். தீப்பிடிக்காது. நாறாது. எதோடயும் சண்டைக்குப் போவாது. அதனாலதான் ஃபிரிட்ஜுக்குள்ள வச்சாங்க. கீழ யாராலயும் அதைப் பிரிக்க முடியாதுங்கதனால வருசக்கணக்கா மெதுவா மேல ஏறும். மேல போனா வெயில் உடைக்கும். குளோரின் தனியா வரும். ஒரு குளோரின் ஓசோனை லட்சக்கணக்குல தின்னும். தின்னுட்டு அது சாவாது, அடுத்ததுக்குப் போவும்."

"இவ்வளவு தெரிஞ்சும் செஞ்சிருக்கீங்க."

"இவ்வளவு தெரிஞ்சதனாலதான் செய்யல."

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆதிகேசவன் பர்ஜ் பற்றிப் பேசினார். ஒவ்வொரு வேலையிலும் இந்த அம்மாள் கேஸை வெளியே விட்டது உண்மை, நீலத்தை விட்டால் குற்றமில்லை, ஆனால் வானத்தில் கிடைத்தது வெள்ளை. ஆகவே கள்ளத்தனமாக வெள்ளை வாங்கி ஏற்றியிருக்கிறார் என்றார். தலைவர் பாமினி இந்தப் பர்ஜ் என்பதைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். பதினான்கு மெக்கானிக்குகளின் அட்டையைப் பறித்த அந்தக் கூடத்தில் அதை யாருமே பார்த்ததில்லை.

"செஞ்சு காட்டட்டுமா, அம்மா?" என்று கேட்டாள் ஜெசிந்தா. "உங்க சிலிண்டர்லயே."

வக்கீல் தடுக்கவில்லை. கையைச் சிலிண்டர் பக்கம் நீட்டி, தாராளமாக, என்பதுபோல் காட்டினார். அவருக்கே விஷயம் தெரியாது என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. மூன்றில் ஒன்று நீலமாக நின்றது அவள் கண்ணிலேயே இருந்தது. இந்தச் சிலிண்டர் அந்த ஒன்றாக இருந்தால் அவள் கதை இங்கேயே முடிந்தது.

சீலை உடைத்தாள். குழாயை மாட்டினாள். வேலைக்கு முன் ஒழுக்குப் பார்ப்பது விதி என்று சொல்லிப் பித்தளை விளக்கைப் பற்றவைத்துச் சிலிண்டர் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவள் கை பதினோரு வருடமாகச் செய்ததைச் செய்தது. ஒரு நொடி திறந்து மூடியது.

இஸ்ஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மங்கலான கூடத்தில் சுடர் பச்சையாக எழுந்தது. மூன்று உறுப்பினர்களின் கண்ணாடிகளிலும் பச்சை தெரிந்தது.

அது என்ன என்று தலைவர் கேட்டார். ஜெசிந்தா விளக்கினாள். குளோரின் இல்லாத கேஸுக்கு இந்தச் சுடர் நிறம் மாறாது என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் என்றாள். பெண் உறுப்பினர் ஒருவர் தம் கைக்கருவியில் தேடிப் படித்துவிட்டு அதைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். ஆதிகேசவன் குழாயில் ஏதோ தடவியிருக்கிறாள் என்றார். அது எடுபடவில்லை. அவருக்கு வியர்த்தது, அப்புறம் ஒரு யோசனை வந்ததில் குரல் திரும்பியது.

இது வெள்ளைதான் என்று அம்மாள் சொல்கிறார், சரி. வாக்குமூலத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அப்படியானால் இது வெள்ளை என்று தெரிந்தே, மாண்புமிகு உறுப்பினர்களின் முன்னால், இப்போது திறந்துவிட்டிருக்கிறார். தெரியாமல் விட்டவருக்கு இரக்கம் காட்டலாம். தெரிந்தே விட்டதற்கு மூன்று வருடம், குறைக்க இடமில்லை.

தலைவர் இடைவேளை விட்டார்.

தாழ்வாரத்தில் ஆதிகேசவன் அவளைத் தேடி வந்தார். இரண்டு டம்ளர் டீயும் கொண்டுவந்தார். அவள் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. அவர் தணிவாகப் பேசினார். பலூன் கொண்டுவந்த ஆதாரம் போதாது என்று வழக்கை முடித்துவிடலாம். இன்று கூடத்தில் நடந்தது பதிவில் இராது. சுடரும் இராது, மூன்று வருடமும் இராது. அட்டையோடு வீட்டுக்குப் போகலாம்.

"சுடலைமுத்து அண்ணனுக்கு?"

"அது முடிஞ்ச வழக்கும்மா."

"மத்த பதிமூணு பேருக்கு?"

"உங்க வழக்கைப் பத்தி மட்டும்தான் நான் பேச முடியும். கம்பெனி தனியா ஒரு விசாரணை வைக்கும், நான் சொல்லுறேன்."

திரையின் ஓரத்தில் நூலளவு வெயில் தரையில் கிடந்தது. ஜெசிந்தா செருப்பைக் கழற்றிக் கால்விரலை அதன்மேல் வைத்தாள். சூடாக இருந்தது. கூரைகளில் ஏறி, ஈயப் பூச்சுக் குடையின் கீழே உட்கார்ந்து, கீழே படகுகள் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் மதியச் சோறு நினைவுக்கு வந்தது. மூன்று வருடம். நாற்பத்தாறு வயதில் வெளியே வருவாள். அப்புறம் சுடலையின் முகம் நினைவுக்கு வந்தது. ஐஸ் உடைக்கிறவனிடம் கைகூப்பி நின்ற முகம்.

"சார், நீங்க ஒண்ணைக் கவனிக்கல. நான் தப்புப் பண்ணுனேன்னு எழுதணும்னா, அதுல இருந்தது வெள்ளைன்னு முதல்ல எழுதணும்."

அவர் டம்ளர் பாதி வழியில் நின்றது.

கூடம் கூடியதும் யாரும் கேட்காமலேயே அவள் எழுந்து நின்றாள். குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொன்னாள். ஆதிகேசவன் அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற விரும்புவதாக அவசரமாக எழுந்தார். பதிவாகிவிட்டதைத் தீர்ப்பாயம்தான் கைவிட முடியும் என்று தலைவர் அவரை உட்காரவைத்தார். பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார்.

"எழுதுங்கம்மா. சீல் வச்ச நீல சிலிண்டர்ல இருந்து, உங்க முன்னால, 4417 வெள்ளை கேஸை விட்டாள்னு எழுதுங்க. ஒரு எழுத்து விடாம எழுதுங்க."

தலைவரின் கை கழுத்துத் தழும்புக்குப் போனது. பிறகு எழுதினார்.

தீர்ப்பில் இரண்டு பத்திகள் இருந்தன. முதலாவது, கம்பெனி சீல் வைத்த சிலிண்டரை நம்பிக் கேஸை விட்ட பதினான்கு மெக்கானிக்குகளும் குற்றமற்றவர்கள் என்றது. இரண்டாவது, ஜெசிந்தா ரொட்ரிகோவின் வெயில் அட்டையை மூன்று வருடத்துக்கு ரத்து செய்தது. கம்பெனியைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்பது அடிக்குறிப்பில் வந்தது.

சுடலைமுத்துவின் காப்பைக் கழற்றி, வெயில் அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஆள் வந்தபோது, ஜெசிந்தாவும் கூடப் போனாள். அவள் காப்பு அன்றைக்குத்தான் புதிதாக மாட்டியது. மூடிய வண்டியில் ஐஸ் ஃபாக்டரியின் உள்வாசல் வரை வந்தாள். நடந்ததை அவளே சொன்னாள். அழுவார் என்று நினைத்தாள். அவர் அழவில்லை. வெளிறிப்போன மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒண்ணரை வருசமா நான் எவம்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்?" என்றார்.

ஜெசிந்தா தன் புதுக் காப்பைக் கையால் மூடிக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை.

"எம்புள்ள கிட்ட தினம் கேட்டனே. அவ ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டு, விடுங்கப்பான்னு சொல்லுவாளே."

பக்கத்தில் இருந்த ஐஸ் பாறையைக் காலால் உதைத்தார். அது நகரவில்லை. மறுபடி உதைத்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு மத்தியான வெயிலுக்குள் போனார். கதவு மூடும் வரைக்கும் உள்ளே விழுந்த வெளிச்சத்தில் ஜெசிந்தாவின் காப்பு கூவியது.

அவர் உட்கார்ந்திருந்த முக்காலி அவளுக்கு வந்தது. செங்கல் அடைத்த அறையில் கம்ப்ரஸர்களைப் பார்த்துக்கொண்டாள். வெளி உலகம் சுடலையின் வாய் வழியாக வந்தது. குழு இரண்டு முறை கூடிக் கலைந்தது. கம்பெனியின் இயக்குநர்கள் வெயில் அட்டையே தேவைப்படாத குளிர்நாடு ஒன்றில் இருப்பதாகச் செய்தி வந்தது. ஆதிகேசவன் கம்பெனியை விட்டுவிட்டாராம். ஏழாவது மாதத்தில் ஒரு மத்தியானம் சுடலை மூச்சிரைக்க வந்தார். பேச்சியையும் கூட்டி வந்திருந்தார். அழிப்பு நிலையத்தில் புகை வருகிறது, ஊரே உப்பளத்துக் கரையில் நின்று பார்க்கிறது, இனிப்புகூடக் கொடுக்கிறார்கள் என்றார். பேச்சி இலையில் மடித்த அல்வாவை நீட்டினாள்.

ஜெசிந்தா அதைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"டயரை எரிச்சாலும் புகை வரும்," என்றாள். "இன்னைக்குக் கடையில விக்கிற சிலிண்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்கண்ணே."

சுடலை போய் வாங்கி வந்தார். நீல நிறம், புது சீல். அவளுடைய பழைய விளக்கு சாட்சிப் பொருளாகத் தீர்ப்பாயத்து அலமாரியில் கிடந்தது. அதனால் அவள் வெட்டிப்போட்ட செம்புக் குழாயைத் தட்டித் தகடாக்கி, ஒரு ஸ்டவ் பர்னரில் பொருத்தி, வேறொன்று செய்து வைத்திருந்தாள். பற்றவைத்தாள். கையை வால்வில் வைத்தாள்.

சுடலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சந்தேகப்பட்டுத் தொறக்க, புள்ள. தெரிஞ்சு விட்டதாத்தான் எடுப்பாங்க. பச்சையாச்சுன்னா இன்னும் மூணு வருசம்."

"ஆவட்டும். மறுபடி எழுதட்டும்."

ஒரு நொடி திறந்தாள். சுடர் அசைந்தது, நிமிர்ந்தது, நீலமாகவே நின்றது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி நல்ல கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நீலம்தான் என்றாள். சுடலை அல்வாவைப் பிரித்தார்.

ஜெசிந்தா விளக்கை அணைக்கவில்லை.

"வேற கடையில ஒண்ணு வாங்கிட்டு வாங்க," என்றாள்.